பானைக்குள் இருக்கும் வெப்பம்

மார்கழி பிறந்துவிட்டால், டில்லியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குறை தவறாது எழும். மாவு பொங்கவில்லை என்பதே அக்குறை. இரவு அரைத்து மூடிவைத்த மாவு, விடிந்து திறந்து பார்க்கும்போது வைத்த அளவிலேயே அசையாது கிடக்கும். வார்த்தால் இட்டலி தட்டையாய்க் கனத்து விழும். இல்லத்தரசியர் முதலில் உளுந்தைப் பழிப்பர். அடுத்துக் கடைக்காரரைப் பழிப்பர். சிலர் தம் கைராசியையே நொந்துகொள்வர். உளுந்தின்மீதும் குற்றமில்லை, கையின்மீதும் குற்றமில்லை என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்கூற விரும்புகிறோம்.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் நமக்கு விஞ்ஞானம் பேச என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. மாவைப் பொங்கவைக்கப் போய் நம் வீட்டில் ஓரிரவு நேரவிருந்த விபரீதம் ஒன்றுதான் நமது தகுதி. அதனைப் பின்னர்க் கூறுவோம். முன்னதாக, புளிப்பு என்பது இன்னதென்று அறிவதற்கு, நாம் பிறந்த ஊருக்கு ஒருமுறை போய்வருதல் வேண்டும்.

நம் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்தின் எல்லையை ஒட்டி அமைந்தது. முன்னாளில் கொச்சி அரசைச் சேர்ந்திருந்த சித்தூர்ப் பகுதி, 1956-ஆம் ஆண்டு கேரள மாநிலத்தின் பகுதியாயிற்று. அரசு எதுவாயினும் அங்கே வீட்டிலும் சந்தையிலும் வழங்குவது தமிழே. கேரளம் என்றவுடன் ஓயாத மழையை நினைப்பவர்கள் நம் ஊரைப் பார்த்தால் வியப்படைவார்கள். மலை மறைத்த மழை எங்களுக்குக் குறைவாகவே கிட்டும். பாலக்காட்டுக் கணவாயின் காற்று மட்டும் தாராளமாய் வீசும். பங்குனி சித்திரையில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும். அங்கே மாவு பொங்கவில்லை என்று சொன்னவரை நாம் கண்டதில்லை. மாறாக, “பெரிய சட்டியிலே ஊத்தி வைடி, ராத்திரியே வழிஞ்சிரும்” என்று அம்மாயி நம் அன்னையாரை எச்சரிக்கும் குரலே இன்றும் காதில் ஒலிக்கிறது.

சித்தூர் வட்டத்துக்கு மற்றொரு பெயரும் உண்டு. கேரளத்தின் பல மாவட்டங்களிலுள்ள கள்ளுக்கடைகளுக்கு நாள்தோறும் கள் செல்வது இங்கிருந்துதான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது. எல்லைக்கு இப்பால் உரிமம் பெற்ற கடைகள் நடக்கின்றன. கள்ளைப் புகழ்வது நம் நோக்கமன்று. குடும்பப் பத்திரிகையில் அதற்கு இடமுமில்லை. எனினும் புளிப்பின் பாடத்தை ஒளிவுமறைவின்றிக் கற்பிக்கும் ஆசான் கள் கலயத்தைப்போல் வேறொன்று இல்லை.

பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவர். துளித்துளியாய் இறங்கும் சாறு அப்போது தெளிந்த இனிப்பு நீரேயன்றி வேறில்லை. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சர்க்கரை உண்டு. கலயத்தின் உட்புறத்தில் முந்திய நாளின் எச்சமாய் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், முதல் துளி விழுந்த கணத்திலேயே அந்தச் சர்க்கரையை உண்ணத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை சாராயச் சத்தாகவும், கரியமில வாயுவாகவும் பிரிகிறது; நுரைப்பது அவ்வாயுவே. ஆகவே மரத்திலிருந்து இறங்கும்போதே அது கள்ளாகத்தான் இறங்குகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தாலோ, அந்த நுண்ணுயிருக்கு வேலையில்லை. சாறு இனிப்பாகவே நிற்கும். அதைத்தான் பதநீர் என்றும், நம் கொங்குப் பக்கத்தில் தெளுவு என்றும் சொல்கிறோம்.

சிறுவயதில் நமக்குத் தெளுவு தரும் மரமேறி ஒருவர் இருந்தார். ஒருநாள் விடுமுறை மயக்கத்தில் நாம் தாமதமாகச் சென்று நிற்க, அவர் சிரித்துக்கொண்டே, “வெய்ய ஏறுறதுக்கு முன்னாலயே வரோணும் கண்ணு. சூடு ஏறிப்போச்சுன்னா அது யாருக்கும் காத்திருக்காது” என்றார். அன்று அவர் தெளுவைத்தான் சொல்கிறார் என்று எண்ணினோம். புளிக்கும் பொருள் அனைத்துக்கும் அதுவே சட்டம் என்பது, ஆண்டுகள் பல கழிந்து, ஆயிரத்தைந்நூறு மைல்களுக்கு அப்பால் வந்த பிறகே விளங்கிற்று.

வெப்பம் ஏற ஏற, நுண்ணுயிரின் வேகமும் ஒரு வரம்பு வரையில் ஏறுகிறது. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் கடுத்துவிடும். மேலும் விட்டால் வேறொரு நுண்ணுயிர் புகுந்து காடியாக்கிவிடும். மரமேறியால் வெயிலைத் தணிக்க இயலாது; ஆகையால் அவர் நேரத்தைத் துரத்துகிறார். வெப்பத்தையே பிடித்து நிறுத்தும் முயற்சியும் கேரளத்தில் நடந்துள்ளது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், பாளையோடு இணைக்கத்தக்க பனிக்கட்டிப் பெட்டி ஒன்றை உருவாக்கினர். சாறு விழுந்தவுடனேயே குளிர்ந்துவிடுவதால், சுண்ணாம்பு இல்லாமலே இனிப்பு மாறாது நிற்கிறது. கல்பரசா என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெயில் நாட்டினர் நிலை இவ்வாறிருக்க, குளிர்நாட்டினர் வெகு காலத்துக்கு முன்பே இதில் சட்டம் இயற்றிவிட்டனர். ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ஆம் ஆண்டு பிறந்த ஆணைப்படி, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை ஒருவரும் பீர் காய்ச்சுதல் கூடாது. கோடை வெப்பத்தில் காய்ச்சியது கெட்டுப்போகிறது என்று கண்ட அனுபவமே அதன் காரணம். நுண்ணுயிர் என்ற ஒன்றை அன்று எவரும் அறியார். மூன்று நூற்றாண்டுகள் சென்று, 1870-களில் லிண்டே என்னும் பொறியியல் அறிஞர் குளிரூட்டும் இயந்திரத்தை முதன்முதல் ஈடுபடுத்தியதும் மியூனிக் நகரத்துப் பீர் ஆலையில்தான். இன்று நம் இல்லங்களில் நிற்கும் குளிர்பதனப் பெட்டிக்குப் புளிப்பின் வெப்பம் பற்றிய கவலையும் ஒரு மூதாதை என்றால் மிகையாகாது. நம் நாட்டிலும் வெள்ளையர் தம் பீர் ஆலைகளுக்குக் கசௌலி, முர்ரி, உதகை போன்ற மலையிடங்களைத் தேடியதன் காரணத்தை இனி விரிக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் பணிபுரியும் நம் சிற்றப்பாவின் மகன் ஒருவன், அந்நாட்டார் வழக்கப்படி வீட்டிலேயே ஏல் என்னும் வாற்கோதுமைப் பானம் காய்ச்சுகிறான். அங்கே 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை. (நம் நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம் என்பதை இளைஞர்கள் மறவாதிருப்பார்களாக.) ஏல் காய்ச்சும் ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி வரை உகந்தது; மிஞ்சினால் தலைநோவு தரும் கடுஞ்சாராயங்களும் வேண்டாத வாடையும் சேரும், குறைந்தால் ஈஸ்ட் உறங்கிவிடும். அவன் தொலைபேசியில் கூறிய ஒரு செய்திதான் நம் கண்ணைத் திறந்தது. “அண்ணா, நான் முதலிலே அறையின் வெப்பத்தைப் பார்த்து ஏமாந்து போனேன். அறை 19 காட்டியது. பாத்திரத்தின் மேலேயே வெப்பமானியை ஒட்டித் துணி சுற்றிப் பார்த்தால் 24 காட்டுகிறது” என்றான்.

இதில் மாயம் ஏதுமில்லை. சர்க்கரை சாராயமாக மாறும்போது வெப்பமும் வெளிப்படுகிறது. ஒரு லிட்டரில் நூறு கிராம் சர்க்கரை புளித்து முடிந்தால், அவ்வெப்பம் வெளியேற வழியே இல்லாதபோது, திரவம் 10 டிகிரிக்கு மேலும் சூடேறக்கூடும். நம் பார்சல் ஆபீசில் மாம்பழக் கூடைகளை அடுக்கிவைத்த கோடை நாட்களில், நடுக்கூடையினுள் கையை விட்டால் வெதுவெதுப்பாய் இருக்கும்; ஓரத்துக் கூடை அவ்வாறு இராது. உயிருள்ள பொருள் தானே வெப்பம் தரும். நடுவிலிருப்பது வெளியேற்ற வழியின்றித் தேக்கிக்கொள்ளும். எனவே பார்க்க வேண்டியது அறையின் வெப்பத்தையன்று, பானைக்குள் இருக்கும் வெப்பத்தை. அதிலும் தொடக்கத்து வெப்பமே தலையாயது. ஏல் காய்ச்சுவோர் ஈஸ்ட்டை இடுவதற்கு முன் திரவத்தை உரிய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டே இடுவர் என்றும், முதல் இரண்டு மூன்று நாட்கள் தவறினால் பின்னர்ச் செய்யும் திருத்தம் பயன்படாது என்றும் அவன் கூறினான்.

இனி நம் சமையலறைக்குத் திரும்புவோம். இட்டலி மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் அன்று. லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியாவே முதன்மையானது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 1965-இல் எழுதினர். அது பெரும்பாலும் உளுந்தோடேயே நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஆகவே கைராசிக்கு அங்கே அதிக வேலையில்லை. அது வாயுவை உண்டாக்கும்; உளுந்தின் பசை அவ்வாயுவைக் கட்டி நிறுத்தும்; மாவு உயரும். அதற்குச் சுமார் 30 டிகிரி வெப்பம் மிகவும் உகந்தது. 15 டிகிரியில் ஒரு பகலும் ஓரிரவும் சென்றாலும் சோம்பிக் கிடக்கும். 40-ஐ நெருங்கினால் புளிப்பை மட்டும் தரும் இனங்கள் முந்திக்கொள்ளும். பொங்குவதற்கு முன்பே புளித்துவிடும்.

இவற்றில் ஒன்றும் அறியாத காலத்தில்தான் அது நேர்ந்தது. டில்லியில் எங்களுக்கு அது முதல் குளிர்காலம். மறுநாள் ஊரிலிருந்து வரும் மாமனார் மாமியாருக்கு இட்டலி வார்க்க வேண்டும் என்று துணைவியார் அரைத்து வைத்தார். முன்னிரண்டு முறையும் மாவு பொங்காத வருத்தம் அவருக்கு. நாம் ஒரு யோசனை செய்தோம். அண்டை வீட்டார் முற்றத்தில் வைத்துக் குளிர்காயும் அங்கீட்டியை, அதாவது கரியடுப்பை, இரவல் வாங்கி, சமையலறையில் மாவுப் பானைக்கு அருகே கனல் மூட்டி வைத்தோம். வெப்பம் வீணாகாதிருக்கச் சன்னலைச் சாத்தினோம். சந்துகளில் பழந்துணியும் செருகினோம். நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டு, கதவில்லாத அடுத்த அறையில் படுத்து உறங்கினோம்.

நள்ளிரவுக்கு மேல் குழந்தை வாந்தி எடுத்து அழுதது. துணைவியார் எழுந்து இரண்டடி வைத்தவர் சுவரைப் பற்றியபடியே சரிந்து அமர்ந்துவிட்டார். நமக்கோ தலை பிளந்துவிடும்போன்ற வலி; கால்கள் நம் சொல்லைக் கேட்கவில்லை. எப்படியோ தவழ்ந்து சென்று வாயிற்கதவின் தாழை நீக்கினோம். அக்கதவு திறந்திராவிட்டால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. அண்டை வீட்டார் ஓடிவந்து மூவரையும் வெளியில் கிடத்தினர். பின்னர் மருத்துவமனைக்கும் கொண்டு சென்றனர். அரைகுறையாய் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவர். வடநாட்டில் குளிர்காலந்தோறும் மூடிய அறையில் கரியடுப்பு வைத்து மாண்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறோம். படித்துவிட்டு அறியாதவர்கள் என்று இரங்குகிறோம். நாமும் அந்த அறியாதவர்களுள் ஒருவராய் இருந்தோம்.

மறுநாள் வீடு திரும்பிப் பார்க்கையில், மாவு மட்டும் அருமையாகப் பொங்கி வழிந்திருந்தது. அதை வார்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

அதன்பின் கரியை விட்டோம், இட்டலியை விடவில்லை. இப்போது நம் இல்லத்தில் வழங்கும் முறையைக் கூறுகிறோம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. சமையலுக்கென்று சில நூறு ரூபாயில் கிடைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கினோம். அன்று சனவரி இரவு, சமையலறை 9 டிகிரி. குழாய் நீரை விட்டு அரைத்த மாவு 15 டிகிரி காட்டிற்று. அதனை எத்தனை கம்பளியால் சுற்றினாலும் பயனில்லை என்பது அப்போதே புலனாயிற்று. கம்பளி வெப்பத்தைக் காக்குமேயன்றிப் படைக்காது. குளிர்ந்த மாவைச் சுற்றினால் குளிரையே காக்கும். மறுமுறை, ஊறிய அரிசியையும் உளுந்தையும் சற்று வெதுவெதுப்பான நீரில் அலசி, அதே வெதுவெதுப்பான நீரை விட்டு அரைத்தோம். மாவு 29 டிகிரியில் இறங்கிற்று. வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

மீதிப் பாதி, அவ்வெப்பத்தைக் காலைவரை நிறுத்துவது. பார்சலில் மீன் வரும் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்துத்தான் நமக்கு அந்த எண்ணம் உதித்தது. ஆனால் அது மீன் பெட்டி என்று தெரிந்ததும் துணைவியார் வாசற்படியைத் தாண்ட விடவில்லை. புதிய பெட்டி ஒன்று வாங்க நேர்ந்தது. பெட்டியின் நடுவே மாவுப் பானை. மூலையில் மூடியிட்ட செம்பில் வெந்நீர். இரண்டுக்கும் இடையில் மடித்த துணி. துணியில்லாவிட்டால் செம்பை ஒட்டிய பக்கத்து மாவு சூடு தாங்காது கெடும். இரவு படுக்கும்முன் செம்பின் நீரை ஒருமுறை மாற்றினால் போதும். விடியலில் பார்த்தால் பெட்டிக்குள் 26, 27 டிகிரி நிற்கிறது; மாவும் ஏறக்குறைய இருமடங்காய் உயர்ந்து நிற்கிறது. பழைய மஞ்சள் நிற மின்விளக்கைப் பெட்டிக்குள் எரியவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அவ்விளக்கு ஒளியைவிட வெப்பத்தையே மிகுதியாய்த் தந்ததனால் அது பலித்தது. இக்காலத்து எல்.இ.டி. விளக்கில் அத்தனை வெப்பம் இல்லை. பழைய விளக்கோ தெர்மோகோலில் பட்டால் உருக்கி எரித்துவிடும். இரண்டும் வேண்டா.

வைகாசியில் கதை தலைகீழாகிவிடும். இரவிலும் சமையலறை 36, 37 என்று கொதிக்கும்; ஐந்து மணி நேரத்தில் மாவு புளித்து மூக்கைத் துளைக்கும். அப்போது பனிநீர் விட்டு அரைத்து, பானையைத் தாம்பாளத்து நீரில் நிறுத்தி, ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சிப் பானையைக் குளிர்விக்கும். நம் ஊர் மண்பானைத் தண்ணீரின் இரகசியமும் அதுவே. இங்கிலாந்துத் தம்பியும் வெயில் நாட்களில் ஏல் பாத்திரத்துக்கு நனைந்த பனியனை மாட்டிவிடுகிறானாம்! ஆனால் ஆடி ஆவணியில் மழைக்காற்று வந்துவிட்டால் ஈரத்துணியால் பயனில்லை. பம்பாயிலும் சென்னையிலும் உள்ள உறவினர்க்கு ஆண்டு முழுவதும் இதே நிலை. அவர்கள் மாவு உயர்ந்தவுடனே, அரை மணியும் தாமதியாது, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவதே வழி.

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் இட்டலிக்குப் பதிலாக உப்புமா பரிமாறப்பட்டதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பழி சமையற்காரர்மீது விழுந்தது, அவர் குற்றமன்று. அத்தனை மாவையும் குளிர்ந்த நீரில் அரைத்து ஒரே அண்டாவில் நிரப்பினோம். மண்டபத்தில் இரவெல்லாம் மின்கணப்பு எரிந்தது உண்மையே. ஆனால் கெட்டியான மாவு வெப்பத்தை உள்ளே எளிதில் விடாது. சூடாக உள்ளே போனால் பேரண்டா விடியும்வரை சூடாகவே இருக்கும்; குளிராகப் போனால் குளிராகவே பிடிவாதம் பிடிக்கும். காலையில் நடு அண்டாவில் கையை விட்டபோது கிணற்று நீரைத் தொட்டதுபோல் இருந்தது.

இவ்வாண்டு மாவைப் பத்து வீடுகளில் பகிர்ந்து அரைப்பதென்று செயற்குழுவில் கேட்டுக்கொண்டோம், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அரிசியும் உளுந்தும் சங்கச் செலவு. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, பெட்டியிலோ கம்பளியிலோ காத்துக் கொணர்வது அவரவர் பொறுப்பு. இசைவுள்ள அன்பர்கள் போகிக்கு ஒரு வாரம் முன்னதாகச் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட வேண்டுகிறோம். வெப்பமானி வேண்டுவோர் நம் வீட்டில் பெற்றுச் செல்லலாம். ஒன்றுதான் இருப்பதால், பார்த்த உடனே திருப்பித் தருதல் வேண்டும்.